தாழ்மைக்கு வந்த ஒலி

மூலிகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இங்கிலாந்தில் 'ஹெர்ப்' என்பர். அமெரிக்காவிலோ 'எர்ப்' என்பர். முன்னதே முறையானது, பின்னது சிதைவு என நம்மில் பலர் எண்ணுவதுண்டு. வரலாறு வேறாகக் கூறுகிறது.

1066-இல் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் வழக்கு மன்றங்களிலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. லத்தீன் மொழியின் 'ஹெர்பா' என்னும் சொல், பிரெஞ்சில் 'ஹ' ஒலியை இழந்து 'எர்பெ' என வழங்கியது. அவ்வடிவிலேயே ஆங்கிலத்துள் புகுந்தது. பின்னர் லத்தீனைப் பின்பற்றி 'ஹ'கர எழுத்தைச் சேர்த்து எழுதினர்; எனினும் நெடுங்காலம் அதனை ஒலித்தாரில்லை. அப்பழைய ஒலியையே குடியேறியோர் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர்.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ, சொல்லின் முதலில் 'ஹ' ஒலியை விடுவது கல்லாமையின் அடையாளமென இகழப்பட்டது. இகழ்ச்சிக்கு அஞ்சியோர் எழுத்தைப் பார்த்து ஒலிக்கலாயினர். தாழ்மையுள்ள என்னும் பொருளுடைய 'ஹம்பிள்' என்ற சொல்லும் முன்னர் 'அம்பிள்' என்றே ஒலித்தது. அந்நூற்றாண்டில்தான் அதில் 'ஹ' ஒலி நிலைபெற்றது. தாழ்மையைச் சுட்டும் சொல்லுக்கே தன்மதிப்பின் பொருட்டு ஓர் ஒலி கூடியது! மதிப்பைக் குறிக்கும் 'ஆனர்' என்ற சொல்லிலோ, எழுத்து இருந்தும் ஒலி இன்றளவும் இல்லை.

ஆக, பிழையென ஒரு காலம் நகைத்தது, முன்னொரு காலத்தில் கற்றோரும் மொழிந்ததே. ஒருவரது நாவின் ஒலியைக் கொண்டு அவரது தகுதியை அளக்க முற்படும்போது, இவ்வரலாற்றை நாம் நினைவிற்கொள்வது நன்று.