டியூட்டிரானின் நான்முனைத் திருப்புத்திறன்: அளவீட்டுக்கும் கணக்கீட்டுக்கும் இடையே (1939–2020)

திறவுச்சொற்கள்: நான்முனை இணைப்பு மாறிலி, மின்புலச் சரிவு, டியூட்டிரியம் மூலக்கூறு, அறிவியல் வரலாறு

முன்னுரை

அணுக்கரு இயற்பியல் அட்டவணைகளில் டியூட்டிரானின் மின் நான்முனைத் திருப்புத்திறன் ‘சோதனை மதிப்பு’ என்னும் தலைப்பின்கீழ் இடம்பெறுகிறது. இன்று வழங்கும் துல்லியத்தில் அதனை எக்கருவியும் நேரடியாக அளந்ததில்லை. ஆய்வகம் அளித்தது ஒரு பெருக்குத்தொகை மட்டுமே. அதன் ஒரு காரணியை மூலக்கூற்றுக் கணக்கீடு அளித்த பின்னரே மற்றது கிடைத்தது. இவ்வேறுபாடு மறைந்துபோனதன் விளைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெருக்குத்தொகை

தற்சுழற்சி 1 அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்கரு கோள வடிவிலிருந்து விலகியிருக்கக்கூடும். அவ்விலகலின் அளவே நான்முனைத் திருப்புத்திறன். அது, அணுக்கரு அமைந்த இடத்தில் சுற்றியுள்ள மின்னூட்டங்கள் உண்டாக்கும் மின்புலச் சரிவுடன் வினைபுரிந்து ஆற்றல் நிலைகளைப் பிளக்கிறது. பிளவிலிருந்து பெறப்படும் இணைப்பு மாறிலி இவ்விரண்டின் பெருக்கம். (மாறிலி என்று வழங்கினாலும், மூலக்கூற்றின் அதிர்வு, சுழற்சி நிலைகளுக்கேற்ப இது மாறவே செய்கிறது.)

அணுக்கருக்கள் கோளமல்ல என்பதை 1935இல் ஷூலர், ஷ்மிட் ஆகியோர் யூரோப்பியத்தின் மீநுண் நிறமாலையிலிருந்து உணர்த்தியிருந்தனர். டியூட்டிரானில் அத்தகைய விலகலை எவரும் எதிர்பார்க்கவில்லை. 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெல்லாக், ராபி, ராம்சே, சக்கரையாஸ் ஆகியோர் மூலக்கூற்றுக் கற்றைக் காந்த ஒத்ததிர்வு முறையால் டியூட்டிரியத்தை ஆராய்ந்தனர். டியூட்டிரானின் காந்தத் திருப்புத்திறன் புரோட்டானுடையதைவிடச் சிறியது. எனவே ஒத்ததிர்வுகளின் விலகல் ஹைட்ரஜனைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும். காந்த வினை மட்டும் விளக்கவியலாத அளவுக்கு அது பெரிதாகக் காணப்பட்டது. நால்வருள் ராம்சே அப்போது முனைவர் பட்டத்தை முடிக்காத ஆய்வு மாணவர்.

நார்ட்சீக்கின் எண்

பெருக்குத்தொகையைப் பிரிக்கும் பணியை 1940இல் நார்ட்சீக் மேற்கொண்டார். ஹைட்ரஜன் மூலக்கூற்றில் மின்புலச் சரிவு இரு பங்குகளின் வேறுபாடு. அணுக்கருக்களிடைத் தொலைவு 1.4 போர் அலகு எனக் கொண்டால், எதிரிலுள்ள புரோட்டானின் பங்கு 2/1.4³, அதாவது ஏறத்தாழ 0.73 அணு அலகு. அதில் ஏறத்தாழப் பாதியை எலக்ட்ரான்கள் கழித்துவிடுகின்றன. முதற்பங்கைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். இடர்ப்பாடு முழுவதும் இரண்டாவதிலேயே உள்ளது. 1933இல் ஜேம்ஸ், கூலிட்ஜ் ஆகியோர் எலக்ட்ரான்களிடைத் தொலைவையே சேர்த்தெழுதிய அலைச்சார்பு, ஆற்றலை வியக்கத்தக்க துல்லியத்துடன் தந்திருந்தது. ஆயின் மாறுபாட்டு முறையில் அலைச்சார்பின் குறை ஆற்றலில் இரண்டாம் படியில் மட்டுமே வெளிப்படும். மின்புலச் சரிவிலோ முதற்படியிலேயே வெளிப்படும். நல்ல ஆற்றல் நல்ல சரிவுக்கு உறுதியளிப்பதில்லை.

நார்ட்சீக் பெற்ற மதிப்பு 2.73×10⁻²⁷ செ.மீ². ரரிட்டாவும் ஷ்விங்கரும் 1941இல் அணுக்கரு விசையின் டென்சர் கூறினை இம்மதிப்புக்கு ஏற்பவே பொருத்தினர். நியூட்ரானும் புரோட்டானும் மையவிசையால் மட்டும் பிணைக்கப்படவில்லை என்னும் முடிவு திருப்புத்திறன் சுழியன்று என்பதையே சார்ந்தது. ஆதலின் அது அசையவில்லை. எண்ணைச் சார்ந்த பொருத்தங்கள் வேறு வகையின.

திருத்தம்

1960களில் கோலோஸ், வோல்னியேவிச் முதலானோர் கணினி கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூற்றைப் புதிதாகக் கணக்கிட்டனர். 1971இல் கோட், ராம்சே ஆகியோரின் அளவீடு முதல் சுழற்சி நிலையில் இணைப்பு மாறிலியை ஏறத்தாழ 225 கிலோஹெர்ட்ஸ் என நிறுவியது. அடுத்த ஆண்டு ரீட், வைடா ஆகியோர் பெற்ற திருப்புத்திறன் 2.860×10⁻²⁷ செ.மீ². பழைய மதிப்பிலிருந்து ஏறத்தாழ 5 விழுக்காடு உயர்வு. டியூட்டிரான் மாறவில்லை, மாறியது பெரும்பாலும் எலக்ட்ரான்களைப் பற்றிய நம் கணக்கு. 2020இல் புஹால்ஸ்கி, கோமாசா, பஹுத்ஸ்கி ஆகியோர், அணுக்கரு இயக்கத்தையும் எலக்ட்ரான் இயக்கத்தையும் பிரித்துக் கொள்ளும் தோராயத்தைக் கடந்து, 2.85699 என்னும் மதிப்பை அளித்தனர்.

இங்கே ஒரு கற்பனை வினா எழுப்புவது பொருந்தும். 1995இல் வெளிவந்த ஆர்கோன் வி18 அணுக்கரு விசை மாதிரி, மீசான் பரிமாற்ற மின்னோட்டங்களைச் சேர்க்காத நிலையில் 2.70 என்னும் மதிப்பையே தருகிறது. நார்ட்சீக்கின் எண் அட்டவணையில் நிலைத்திருந்தால் இடைவெளி 1 விழுக்காட்டளவே. பெரும்பாலோர் அதனை வெற்றியெனக் கொண்டிருப்பர். 2.86 உடன் ஒப்பிடும்போது 5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பற்றாக்குறை தோன்றுகிறது; விடுபட்டது யாதென்று தேடவேண்டியதாகிறது. அத்தேடலைத் தூண்டிய ‘சோதனை’, உண்மையில் வேதியியலாரின் அலைச்சார்பு.

பிற அணுக்கருக்கள்

நைட்ரஜன்-14க்கும் நிலைமை இதுவே. அம்மோனியாவில் அதன் இணைப்பு மாறிலி −4.09 மெகாஹெர்ட்ஸ் என்பது நுண்ணலை நிறமாலை தந்த உறுதியான எண். திருப்புத்திறனுக்கு இன்று வழங்கும் 20.44 மில்லிபார்ன் என்பது 1997இல் டோக்மன், சுண்ட்ஹோம், பியூக்கோ, ஓல்சன் ஆகியோர் கணக்கீட்டின் துணையால் பெற்றது. பியூக்கோ 2008இலும் 2017இலும் தொகுத்த அட்டவணைகள், மதிப்பு அணுவிலிருந்து வந்ததா, மூலக்கூற்றிலிருந்து வந்ததா என்பதையும் உடன் குறிக்கின்றன. பாடநூல்கள் அக்குறிப்பை விடுத்து எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.