குத்துத் திறன் பயிற்சி

குத்துத் திறன் பயிற்சி என்பது குத்துச்சண்டை, கராத்தே, குத்துவரிசை முதலிய சண்டைக் கலைகளில் கைமுட்டியால் கொடுக்கப்படும் குத்தின் வேகத்தையும் வலிமையையும் கூட்டுவதற்காக மேற்கொள்ளப்படும் பயிற்சிகளின் தொகுப்பு ஆகும். குத்தின் வலிமை கையின் தசையில் மட்டும் உள்ளது என்பது பரவலான கருத்து. ஆனால் பாதம் தரையைத் தள்ளுவதில் தொடங்கி இடுப்பு, முதுகு, தோள் வழியாகக் கைமுட்டியை அடையும் ஓர் ஆற்றல் தொடரே குத்து ஆகும். ஆகையால் இப்பயிற்சி கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கும் சமமான இடம் தருகிறது.

குத்து வகைகள்

குத்துச்சண்டையில் அடிப்படைக் குத்துகள் நான்கு. முன்னே நிற்கும் கையால் விரைவாகக் கொடுக்கப்படும் நேர்குத்து ஜேப் எனப்படும். பின்னே உள்ள கையால், இடுப்பைத் திருப்பிக் கொடுக்கப்படும் நேர்குத்து கிராஸ் எனப்படும். முழங்கையை மடித்தபடி பக்கவாட்டில் வளைத்து வீசுவது ஹூக். கீழிருந்து தாடையை நோக்கி மேலே எழுப்புவது அப்பர்கட். ஜேப் தொலைவை அளக்கவும் எதிராளியின் கவனத்தைக் கலைக்கவும் பயன்படுகிறது. மற்ற மூன்றும் வலிமைக் குத்துகளாகக் கருதப்படுகின்றன.

இயற்பியல் அடிப்படை

ஒரு பொருளின் உந்தம் அதன் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. இயக்க ஆற்றலோ திசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. எனவே, பங்கேற்கும் நிறை மாறாமல் குத்தின் வேகம் மட்டும் 10% கூடினால் உந்தம் 10% கூடும். இயக்க ஆற்றல் 21% கூடும்.

இங்கு நிறை என்பது வீரரின் முழு உடல் எடை அன்று. மோதும் கணத்தில் கைமுட்டியின் பின்னே உறுதியாக இணைந்து நிற்கும் பகுதியின் நிறையே ஆகும். இது பயனுறு நிறை எனப்படும். எடுத்துக்காட்டாக, 3 கிலோகிராம் பயனுறு நிறை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 24 கி.கி. மீ./வி. ஆகும். அது 0.02 விநாடியில் நின்றால் சராசரி விசை 1200 நியூட்டன். அதே உந்தம் மென்மையான உறையினால் 0.04 விநாடியில் நின்றால் சராசரி விசை 600 நியூட்டனாகக் குறையும். மணிக்கட்டோ முழங்கையோ மோதும்போது தளர்ந்து மடங்கினால் பயனுறு நிறை குறைந்து, வேகமான குத்தும் வலுவிழக்கிறது.

1985 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில், மிகுஎடைப் பிரிவு வீரர் பிராங்க் புருனோவின் குத்து அளக்கப்பட்டது. அவரது கைமுட்டி 0.1 விநாடியில் 0.49 மீட்டர் கடந்து, விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தை எட்டியது. இலக்கைத் தொட்ட 14 மில்லிவிநாடிக்குள் உச்ச விசை 4096 நியூட்டனாக உயர்ந்தது. இது 400 கிலோகிராமுக்கும் சற்று மிகுதியான எடைக்கு ஈடான விசையாகும்.

உடலியல் அடிப்படை

கால், உடல், கை ஆகியவற்றின் பங்கு வீரரின் தேர்ச்சிக்கேற்ப மாறுகிறது. சோவியத் ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களிடம் நடத்தி 1985 இல் வெளியான ஆய்வில், உயர்நிலை வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு ஏறத்தாழ 38%, உடல் திருப்பத்தின் பங்கு 37%, கை நீட்டலின் பங்கு 24% எனக் கணிக்கப்பட்டது. கீழ்நிலை வீரர்களிடம் கால்களின் பங்கு ஏறத்தாழ 17% மட்டுமே. கையின் பங்கு 38% ஆக இருந்தது. அதாவது, தொடக்க நிலையினர் கையால் குத்துகின்றனர். தேர்ந்தவர்கள் காலால் குத்துகின்றனர் எனலாம்.

தசை இறுக்கத்தின் காலமும் முக்கியமானது. கனடாவைச் சேர்ந்த முதுகெலும்பு இயக்கவியல் அறிஞர் ஸ்டூவர்ட் மெக்கில் முதலியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த சண்டை வீரர்களின் தசைகள் இருமுறை உச்ச இறுக்கம் அடைவதைக் கண்டனர். முதல் இறுக்கம் அசைவைத் தொடங்குகிறது. இடையில் தசைகள் தளர்வதால் கை வேகம் பெறுகிறது. மோதும் கணத்தில் ஏற்படும் இரண்டாம் இறுக்கம் உடலை ஒரே திண்மமாக்கிப் பயனுறு நிறையைக் கூட்டுகிறது. தோளைத் தளர்வாக வைத்துக்கொள்ளுமாறு பயிற்சியாளர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

பயிற்சி முறைகள்

நுட்பப் பயிற்சி: எதிராளி இன்றி, கண்ணாடியின் முன் மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டும் நிழற்சண்டை இதில் முதன்மையானது. பின் பாதத்தின் குதிகால் வெளிப்புறம் திரும்புதல், இடுப்பு தோளுக்கு முன்னர் திரும்புதல், குத்திய கை அதே பாதையில் உடனே திரும்பித் தாடையைக் காத்தல் ஆகியன இதில் பழக்கப்படுகின்றன.

மூட்டைப் பயிற்சி: தொங்கும் மூட்டையைக் குத்துவதால் மோதும் கணத்தின் இறுக்கம் பழகுகிறது. மணல் மட்டும் நிரப்பிய மூட்டையில் மணல் அடியில் படிந்து கல்போல் இறுகுவதால் கைமுட்டி காயப்படும். துணித் துண்டுகள் நிரப்பிய மூட்டையே பாதுகாப்பானது.

வலுப் பயிற்சி: உட்கார்ந்தெழுதல், தரையிலிருந்து பளு தூக்குதல் ஆகியன கால்களின் தள்ளு விசையைக் கூட்டுகின்றன. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் போதுமானவை.

வெடிதிறன் பயிற்சி: வலுவைக் குறுகிய காலத்தில் வெளிப்படுத்தப் பழக்குவது இது. கனத்த பந்தைச் சுவரை நோக்கி இடுப்பைத் திருப்பி எறிதல், கைகள் தரையைவிட்டு எழும்படியான தண்டால், தாவல் ஆகியன இதில் அடங்கும். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு முறை மட்டும் முழு வேகத்தில் செய்து, இரண்டு மூன்று நிமிடங்கள் ஓய்வு எடுத்தல் வேண்டும். களைத்தபின் தொடர்ந்தால் வேகம் அன்றித் தாங்கு திறனே வளரும்.

தவறான கருத்துகள்

கையில் இரும்புக் குண்டுகளை ஏந்தி நிழற்சண்டை செய்தால் வேகம் கூடும் எனச் சிலர் கருதுகின்றனர். புவியீர்ப்பு குண்டைக் கீழ்நோக்கி இழுக்கிறது. குத்தோ முன்நோக்கிச் செல்கிறது. எனவே கனத்த குண்டுகள் கையைத் தாங்கும் தோள் தசைகளையே களைக்கச் செய்து, குத்தின் பாதையையும் மாற்றிவிடுகின்றன. முன்நோக்கிய தடை வேண்டுமெனில் முதுகின் பின்னே கட்டிய நெகிழ்வுப் பட்டை பொருத்தமானது.

சுவரையோ மரத்தையோ குத்திக் கையை உறுதிப்படுத்தலாம் என்பதும் ஆபத்தான நம்பிக்கை. சுண்டுவிரலின் அங்கை எலும்பு கழுத்துப் பகுதியில் முறிவது இவ்வகையில் மிகவும் காணப்படும் காயம். இது குத்துச்சண்டையாளர் முறிவு என்றே மருத்துவத்தில் அழைக்கப்படுகிறது. கராத்தேயில் பயன்படும் மகிவாரா பலகை அடிக்கும்போது வளைந்து கொடுக்கும்படி அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழகத்தில்

தமிழகத்தில் வெறுங்கைச் சண்டைக்கு நீண்ட மரபு உண்டு. புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனுடன் செய்த மற்போர் பாடப்பட்டுள்ளது. செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மாமல்லபுரம், மாமல்லன் என்ற பட்டப்பெயர் கொண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பெயரால் அமைந்தது. வெறுங்கையால் குத்தவும் தடுக்கவும் பழக்கும் குத்துவரிசை, சிலம்பத்துடன் இணைத்துக் கற்பிக்கப்படுகிறது. சிலம்பத்தின் காலடிப் பயிற்சி, கையசைவுக்கு முன்னர் கால் வைப்பைச் செம்மைப்படுத்துகிறது. மேலே கூறிய கால்களின் பங்கை இம்மரபும் உணர்ந்திருந்தது எனலாம்.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவராக மரபுவழியாகக் கூறப்படும் போதிதர்மர் சீனாவின் சாவோலின் மடத்துக்குச் சண்டைக் கலையைக் கொண்டு சென்றார் என்ற கதை, ஏழாம் அறிவு (2011) திரைப்படத்தால் மேலும் பரவியது. ஆனால் இதற்குச் சான்றாகக் காட்டப்படும் சீன நூல் அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. வரலாற்றாய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் அறிமுகமான கையுறைக் குத்துச்சண்டை, வடசென்னையின் துறைமுகப் பகுதி உழைப்பாளர்களிடையே வேரூன்றியது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என வீரர்கள் பிரிந்து மோதினர். இங்கு பரம்பரை என்பது குருதி உறவன்று; ஆசான் வழியாகும். இப்பின்னணியில் பா. ரஞ்சித் இயக்கிய சார்பட்டா பரம்பரை திரைப்படம் 2021 இல் வெளியானது. 1980 இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் பங்கேற்றார்.

காயங்களும் பாதுகாப்பும்

மூட்டையைக் குத்தும் முன்னர் மணிக்கட்டையும் விரல் முட்டிகளையும் துணிப்பட்டையால் சுற்றுதல் வேண்டும். கையுறை முதன்மையாகக் குத்துபவரின் கையைக் காக்கிறது. குத்து வாங்குபவரின் மூளையை அது முழுமையாகக் காப்பதில்லை. தலை திடீரெனச் சுழலும்போது மண்டையோட்டுக்குள் மூளை அசைந்து காயப்படுகிறது. தலைக்கவசம் வெட்டுக் காயங்களைக் குறைத்தாலும் இச்சுழற்சியைத் தடுப்பதில்லை.

திரும்பத் திரும்பத் தலையில் குத்து வாங்கியவர்களிடம் தோன்றும் மூளைச் சிதைவை அமெரிக்க மருத்துவர் ஆரிசன் மார்ட்லண்ட் 1928 இல் விவரித்தார். 1982 இல் தென்கொரிய வீரர் கிம் டக்-கூ உலகப் பட்டப் போட்டியில் அடைந்த காயத்தால் இறந்தபின், உலகப் பட்டப் போட்டிகளின் சுற்றுகள் 15 இலிருந்து 12 ஆகப் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. முகம்மது அலிக்கு 1984 இல் பார்க்கின்சன் நோய்க்குறிகள் கண்டறியப்பட்டன. அதற்குக் குத்துச்சண்டை எந்த அளவு காரணம் என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

எனவே முழு வலிமைக் குத்து மூட்டைக்கும் பயிற்சிப் பட்டைக்கும் உரியது. இணையுடன் மோதிப் பழகும்போது வேகத்தையும் குறியையும் பேணி, வலிமையைக் குறைத்துக்கொள்வது நல்ல பயிற்சிக் கூடங்களின் வழக்கமாகும். தலையில் அடிபட்டபின் தலைவலி, மயக்கம், வாந்தி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

இவற்றையும் பார்க்க

குத்துச்சண்டை
குத்துவரிசை
சிலம்பம்
உந்தம்