திருவொற்றியூரிலிருந்து ஒரகடம் வரை: என்ஃபீல்டு ஆலை வரலாற்றின் காலப்பகுப்பு குறித்து ஒரு மறுபார்வை

ஆய்வுச்சுருக்கம்

ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் வரலாறு பெரும்பாலும் உரிமையாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. அதனை ஆலைகளின் வரலாறாக வாசித்தால், அறுபடாத உற்பத்தித் தொடர்ச்சி என்று சிறப்பித்துச் சொல்லப்படுவது பெரிதும் திருவொற்றியூர்த் தொழிலாளர்களின் உழைப்புத் தொடர்ச்சியே என்பது புலனாகும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: என்ஃபீல்டு, புல்லட், திருவொற்றியூர், ஒரகடம், தொழிலாளர் வரலாறு.

முன்னுரை

காஞ்சிபுரத்திற்குக் கிழக்கே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஊர் ஒரகடம். இங்கு 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2017இல் அருகிலுள்ள வல்லம் வடகாலில் மற்றோர் ஆலை அமைந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பப் பிள்ளைகள் தறியை விட்டு இப்பகுதி ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வது இன்று இயல்பான காட்சி. ஒற்றியூரிலிருந்து காஞ்சிக்கு வந்த பயணம் என்றால் தமிழ் மாணவர்க்குச் சுந்தரர் நினைவுக்கு வருவார். இங்குப் பேசப்படும் பயணம் ஓர் ஆலையினுடையது. 1956இல் அந்த ஆலை தொடங்கப்பட்ட திருவொற்றியூரும், 2013இல் அது விரிந்த ஒரகடமும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் இரு பகுதிகளே என்பதையும் கருத வேண்டும். இன்றைய மாவட்ட எல்லைகள் அந்த ஒருமையை மறைத்துவிடுகின்றன.

ரெட்டிச் முதல் திருவொற்றியூர் வரை

இங்கிலாந்தின் ரெட்டிச் தையல் ஊசிக்குப் பெயர்பெற்ற நகரம். 1851இல் அங்கு ஜார்ஜ் டவுன்செண்ட் தொடங்கிய ஊசித் தொழிலே பின்னர் மிதிவண்டித் தொழிலாக மாறியது. என்ஃபீல்டில் இருந்த அரசு துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் கிடைத்ததை ஒட்டி 'ராயல் என்ஃபீல்டு' என்னும் பெயர் வந்தது. முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வெளியானது. 'புல்லட்' என்னும் பெயர் 1930களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது.

இந்தியாவில் இவ்வண்டியை இறக்குமதி செய்து விற்றது கே. ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ். எல்லைப்பகுதிச் சுற்றுக்காவலுக்கு இந்திய இராணுவம் 350 சிசி புல்லட்டைத் தெரிவு செய்தது பெரிய திருப்பம். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் இராணுவத்தின் தேவையை உள்நாட்டு உற்பத்தியால்தான் ஈடுசெய்ய இயலும். எனவே 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்குக் கோக்கப்பட்டன. 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் வந்து சேர்ந்தன. 1960களின் தொடக்கத்திற்குள் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவாயிற்று.

இதற்குப் பின் நிகழ்ந்ததே கவனத்திற்குரியது. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்து நிறுவனமே மறைந்தது. கிளை தழைத்திருக்க வேர் பட்டுப்போயிற்று. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. 1901 முதல் இடையறாது உற்பத்தியில் இருக்கும் மோட்டார் சைக்கிள் பெயர் என்று நிறுவனம் பெருமை கொள்கிறது. 1970க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு அக்கூற்றைத் தாங்கி நிற்கும் சான்று திருவொற்றியூர் மட்டுமே.

மாறாத வடிவம்

1955ஆம் ஆண்டு வடிவமைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறவில்லை. இதனை 'மரபின் மீதான பற்று' என விளக்குவது இன்றைய விளம்பர மொழி. உரிம முறை, போட்டியற்ற சந்தை, ஒரே வகை உதிரிபாகத்தை நாடிய இராணுவ, காவல்துறைக் கொள்முதல் ஆகியவையே மெய்யான காரணங்கள். 1980களில் செருமனியின் சுண்டாப் நுட்பத்தில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் போன்ற சிறு வண்டிகளைச் செய்தபோது நிறுவனம் மாற முயன்றதும் உண்டு. அதே காலத்தில் ஜப்பானியக் கூட்டுறவில் வந்த 100 சிசி வண்டிகளின் முன் அம்முயற்சி நிற்கவில்லை.

வார்ப்பிரும்பு எந்திரம் கையின் துணையை ஓயாமல் கேட்பது. அதன் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் மெக்கானிக்குகள் தமிழகத்தின் ஒவ்வொரு சிற்றூரிலும் உருவாயினர். ஆலைக்குள்ளும் இதே நிலைதான். பெட்ரோல் டாங்கின் மேல் ஓடும் பொற்கோட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் வரையும் திறன் ஒரு குடும்பத்தில் தலைமுறை வழியாக வந்தது. சரிகைக் கரை பார்த்து வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்க்கு இது வியப்பளிக்காது. ஒரகடத்தில் எந்திரக் கைகள் வண்ணம் பூசும் நிலையிலும் இக்கோட்டை மனிதக் கையே இழுத்தது.

ஒரகடமும் புதிய தொழிலாளரும்

1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்ததை மறுபிறப்பு என்று எழுதுவோர் பலர். உற்பத்தி நோக்கில் பார்த்தால் 2008–2009இல் வந்த புதிய எந்திரமும் 2013இன் இடப்பெயர்வுமே பெரிய முறிவுகள். 2010இல் ஐம்பதாயிரத்தை ஒட்டியிருந்த ஆண்டு விற்பனை 2014இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. திருவொற்றியூரின் இடமும் உழைப்பு முறையும் இவ்வளவைத் தாங்கியிருக்க முடியாது.

ஆலையோடு தொழிலாளரின் நிலையும் மாறியது. திருவொற்றியூரில் ஆலையைச் சுற்றியே குடியிருப்பும் தொழிற்சங்கமும் வளர்ந்தன. ஒரகடத்திற்கோ இளைஞர்கள் தொலைவிலிருந்து நிறுவனப் பேருந்துகளில் வருகின்றனர். நிரந்தரத் தொழிலாளரோடு பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்னும் படிநிலைகளும் இத்தொழிற்பகுதியின் இயல்பாகிவிட்டன. 2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ராயல் என்ஃபீல்டு, யமஹா, மியோங் ஷின் ஆகிய மூன்று ஆலைகளின் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். சங்க உரிமையும் வேலைப் பாதுகாப்பும் அப்போராட்டங்களின் மையமாயிருந்தன. நிறுவனத்தின் புகழ்பாடும் நூல்கள் வண்டிகளின் ஆண்டு வரிசையைத் துல்லியமாகத் தருகின்றன. அந்த இரு மாதங்களை அத்தகைய வரிசையில் காண்பது அரிது. திருவொற்றியூரின் முதல் தலைமுறைத் தொழிலாளர்களுள் எஞ்சியிருப்போர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களின் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவதற்கு இனிக் கிடைப்பது சில ஆண்டுகளே.