ஏறி வந்த லொறி ஏன் வெறுமையாக இறங்குகிறது? பெரகலயிலிருந்து ஒரு குப்பைக் கணக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ4 வீதி பெரகலயில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொஸ்லந்தை, வெல்லவாய என்று கீழே இறங்குகிறது. மற்றது ஏ16. அது அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் போகிறது. ஊவாத் தோட்டங்களில் உள்ள கடைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் லொறிகளைச் சின்ன வயதிலிருந்து இந்தச் சந்தியில் பார்த்து வருகிறேன். பிஸ்கட், சவர்க்காரம், குளிர்பானம், ரோச் பற்றரி, கைத்தொலைபேசி என்று எல்லாம் ஏறி வருகின்றன. சரக்கை இறக்கிய லொறி வெறுமையாகத் திரும்புகிறது. உறையும் போத்தலும் செத்த பற்றரியும் லயனுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தங்கிவிடுகின்றன.

அந்தக் குப்பைக்கு யார் பொறுப்பு?

எறியாத பற்றரி

1983 வன்செயலுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்குப் போய்க் குடியேறினார்கள். பெரியம்மா வீட்டில் பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருவது பற்றரிக் கதைதான். 1990க்குப் பிறகு வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட அனுபவம் இதை வாசிக்கும் பலருக்கு இருக்கும். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் சில நிமிடம் பாடவைத்த கதையும் உண்டு. அன்று பற்றரியை யாரும் எறியவில்லை. அதற்கு மதிப்பு இருந்தது.

இன்றும் அதே விதிதான். முச்சக்கர வண்டியின் ஈய அமில பற்றரி பள்ளத்தில் கிடப்பதில்லை. பழைய இரும்பு வாங்க வருபவர் அதற்குக் காசு தருகிறார். செம்புக் கம்பியும் அலுமினியமும் அப்படித்தான் போய்விடுகின்றன. சம்போ பைக்கற்றையும் ரோச் பற்றரியையும் யாரும் கேட்பதில்லை. விலை உள்ளது போகிறது, விலை இல்லாதது கிடக்கிறது.

விலை இல்லாததற்கும் ஒரு விலையை வைத்து, அதை உற்பத்தியாளரைக் கொடுக்கச் செய்வதே 'விரிவுபடுத்தப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு'. 1990இல் சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லின்ட்குவிஸ்ட் இந்தக் கருத்துக்குப் பெயர் கொடுத்தார். 1991இல் ஜெர்மனி பொதிகளுக்கு இதைச் சட்டமாக்கியது. ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம், அது குப்பையான பிறகு சேகரித்து மீள்சுழற்சி செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். இலங்கை போன்ற நாட்டில் இறக்குமதியாளரும் இந்தப் பொறுப்புக்குள் வரவேண்டும், ஏனென்றால் நாம் வாங்கும் தொலைபேசியும் பற்றரியும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை.

இலங்கைச் சட்டம் எங்கே நிற்கிறது

எமது நாட்டில் அடிப்படைச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். மத்திய சுற்றாடல் அதிகார சபை அதன் கீழ் உருவானது. 2008 பெப்ரவரியில் வந்த ஒழுங்குவிதிகள் ஆபத்தான கழிவுகளைப் பட்டியலிட்டன. பற்றரியும் இலத்திரனியல் கழிவும் அந்தப் பட்டியலில் உள்ளன. அவற்றைச் சேகரிக்க, ஏற்றிச்செல்ல, களஞ்சியப்படுத்த, மீள்சுழற்சி செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும்.

பிளாஸ்டிக் விடயத்தில் தடைகளே அதிகம். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன், உணவு சுற்றும் தாள், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவை தடை செய்யப்பட்டன. பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் தடையானது. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த 20 மில்லிலீற்றர் வரையான சிறு பைக்கற்றுகள் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழாய், கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு போன்ற ஒருமுறை பாவனைப் பொருட்கள் சேர்ந்தன.

தடை தேவைதான். ஆனால் தடை செய்யாத பொருள் குப்பையானால் யார் எடுப்பது என்பதைத் தடை சொல்வதில்லை. உற்பத்தியாளர் பொறுப்பு பற்றி இலங்கை வர்த்தக சம்மேளனமும் சில நிறுவனங்களும் பேசுகின்றன, தாமாக முன்வந்து சில இடங்களில் சேகரிக்கவும் செய்கின்றன. 2020 ஒக்டோபரில் அஞ்சலகங்கள் ஊடாக ஒரு வாரம் இலத்திரனியல் கழிவு சேகரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் பழைய தொலைபேசி ஆண்டில் ஒரு வாரம் மட்டும் பழுதாவதில்லை.

லயனுக்கு வராத குப்பை வண்டி

நகரத்தில் நிறுவனம் எடுக்காவிட்டால் நகர சபையாவது எடுக்கிறது. தோட்டத்தில் அதுவும் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை பணம் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் வாக்களித்த சபையின் பணம் எங்கள் லயன் வாசலுக்கு வரமுடியாமல் இருந்தது. சட்டம் மாறினாலும் எங்கள் லயன் பாதைக்குக் குப்பை வண்டி இன்னும் ஏறவில்லை.

அதனால் எங்கள் ஆட்கள் எரிக்கிறார்கள், அல்லது கானில் போடுகிறார்கள். கான் அடைபட்டால் மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்ததைக் கண்ட இந்தப் பகுதியில், கானைத் திறந்து வைப்பது உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

நீலகிரியில் பத்து ரூபாய்

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போன சொந்தங்கள் பலர் தமிழ்நாட்டின் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அங்கே 2022 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், டாஸ்மாக் மதுக்கடைகளில் ஒரு முறை தொடங்கியது. போத்தல் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள், வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கையில் வரும். காட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்த போத்தலுக்கு விலை வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அந்த முறை போனது. விற்ற கடையே திரும்ப வாங்குகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

இந்தியாவில் 2022இல் பிளாஸ்டிக் பொதி, பற்றரி, இலத்திரனியல் கழிவு மூன்றுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் வந்தன. நிறுவனங்கள் பதிவு செய்து, குறித்த அளவை மீள்சுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

சட்டம் வரும்வரை சிலவற்றைக் கவனிக்கலாம். ஈய அமில பற்றரியை வீட்டில் உடைக்கவோ, ஈயத்தை உருக்கவோ வேண்டாம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வீங்கிய தொலைபேசி பற்றரியைக் குத்தவோ நெருப்பில் போடவோ கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். களைநாசினிக் கேனைக் கழுவினாலும் தண்ணீர் எடுக்கப் பாவிக்க வேண்டாம். ரோச் பற்றரிகளையும் பழைய பல்புகளையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல், நனையாமல் தனியாகச் சேர்த்து வையுங்கள். புதிய தொலைபேசி வாங்கும்போது பழையதை எடுப்பீர்களா என்று கடையில் கேளுங்கள். பலர் கேட்டால் கடைக்காரர் நிறுவனத்திடம் கேட்பார்.

பிரதேச சபை உறுப்பினரிடம் 2018 திருத்தத்தைச் சொல்லிக் குப்பை வண்டி கேளுங்கள். பாராளுமன்ற உறுப்பினரிடம் உற்பத்தியாளர் பொறுப்பைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தில் தோட்டங்கள் என்ற சொல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேகரிப்புப் பெட்டி கொழும்பிலும் கண்டியிலும் நின்றுவிடும்.

பெரகலச் சந்திக்குச் சரக்கோடு ஏறி வரத் தெரிந்த லொறிக்கு, குப்பையோடு இறங்கவும் பாதை அதேதான்.