கொம்பும் காலும் இடம் மாறிய காலம்

கணினித் தமிழின் வரலாற்றைக் கேட்டால் பலரும் மாநாடுகளைத்தான் சொல்வார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதன் பெருமை அதற்கு உண்டு. ஆனால் 2003, 2004 வாக்கில் இணையத்தில் எழுத வந்த என் போன்றவர்களைத் தூக்கிவிட்டவை, தனி மனிதர்கள் தூக்கம் கெட்டு உருவாக்கி இலவசமாகக் கொடுத்த சிறு கருவிகள்.

அப்போது ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அது நம் கணினியில் இல்லையென்றால் திரை முழுக்கப் புரியாத குறிகள்தான். இந்தக் குழப்பத்தில் திஸ்கி என்ற குறியேற்ற முறை ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது எங்கள் கணினிகளுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு. திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தது: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அடுத்து க, அதற்கடுத்து கால். யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே பழையதைப் புதியதாக்க, குறிகளை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். அதை நொடியில் செய்தது சுரதாவின் பொங்குதமிழ். உலாவிக்குள்ளேயே ஓடும் பக்கம் அது. நெட் சென்டர்களில் புதிய மென்பொருள் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்பதால் எங்களுக்கு அது பெரிய வரம். சொந்தக் கணினி வைத்திருந்தவர்களுக்கு முகுந்தராஜின் எ-கலப்பை. கீமேன் என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று ஒலிப்படி தட்டினால் தமிழில் விழும். முதன்முதலில் அப்படி விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

எழுதியாயிற்று, படிப்பவர் என்ன செய்வார்? யூனிகோடு தமிழைக் காட்டும் லதா எழுத்துரு விண்டோஸ் 2000-உடன் வந்தது. எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்கூட அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் குறியிட்டு, குறுந்தகடு போட்டு இந்திய மொழிகளை இயக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 98-காரர்களுக்கு அந்த வழியும் இல்லை. அங்கேதான் அதிராம்பட்டினத்து உமர்தம்பி வந்தார். அவர் உருவாக்கிய தேனீ இயங்கு எழுத்துருவைப் பக்கத்தின் வார்ப்புருவில் சில வரிகளாகச் சேர்த்துவிட்டால், படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். எழுத்துரு தானாக இறங்கிக்கொள்ளும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் அது வேலை செய்தது. அன்று பெரும்பாலானோர் அதைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. 2006-இல் அவர் காலமானார். தமிழ் இணையம் அவருக்குப் பட்ட கடன் பெரிது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாவது அவரைப் பற்றி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிதறிக் கிடந்த வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்ட 2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். எழுதியதைப் படிக்க ஆள் கிடைத்தது அதன்பிறகுதான்.

உங்கள் பழைய குறுந்தகட்டிலோ, அப்பாவின் கணினியிலோ திஸ்கியில் எழுதிய கதை, கடிதம், கட்டுரை ஏதாவது இருந்தால், தயவுசெய்து இப்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். தேடுபொறியின் கண்ணில் அந்த எழுத்து இன்னும் தமிழாகப் படவில்லை.