நாய் மட்டும் திரும்பி வந்தால்...

ஜவ்வாது மலைன்னா நம்ம மக்களுக்கு உடனே ஞாபகம் வர்றது காவலூர் தொலைநோக்கி, பீமன் அருவி, அப்புறம் சாமையும் தேனும். வேலூர் பக்கம் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் என்கிற முறையில் அமிர்தி வழியா மலையேறுற ரோடு எனக்கும் நல்ல பழக்கம். ஆனா இது சுற்றுலாப் பதிவு இல்லை. அந்த மலை மக்களைப் பற்றிய ஒரு பழங்கதையில ஆரம்பிச்சு, மனநோய் வந்தவர்களை நம்ம ஊர் எப்படி நடத்திச்சு என்கிற வரலாற்றுக்குப் போகப் போறேன். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? கொஞ்சம் கூடவே வாங்க. பதிவு நீளம்தான், இப்பவே சொல்லிடறேன்.

எட்கர் தர்ஸ்டன் 1909ல் ஏழு தொகுதியா வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் மலையாளிகள் பற்றி ஒரு கட்டுரை இருக்கு. (கேரள மலையாளி இல்லீங்க. ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள்.) அதில் ஜவ்வாது மலைக்கான கதை இப்படிப் போகுது.

இப்போ ஆந்திராவில் குப்பம் பக்கம் இருக்கிற கங்குந்தியின் வேடர்கள், காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் பெண் கேட்டாங்களாம். இவங்க இளக்காரமா மறுத்துட்டாங்க. கோபத்தில் அவங்க ஏழு பெண்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மீட்டு வர ஏழு ஆண்கள் கிளம்பினாங்க, கூடவே ஏழு நாய்கள். கிளம்பும்போது மனைவிகளிடம் ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க: நாய் மட்டும் தனியா திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வச்சுக்கங்க.

வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ நீந்திக் கரை சேர்ந்துட்டாங்க. நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி, வீட்டைப் பார்க்க ஓடிடுச்சு. அங்கே சொன்னபடி எல்லாம் நடந்தது. தாலி அறுத்தாச்சு, காரியம் முடிஞ்சாச்சு. இவங்க போன வேலையை முடிச்சுட்டு உயிரோடு வந்து நின்னா, ஊரில் இடம் இல்லை. செத்தவன் செத்தவன்தான். வேற வழியில்லாம வேடர் பெண்களைக் கட்டிக்கிட்டு ஜவ்வாது மலையேறி, காடு திருத்தி விவசாயம் பண்ணினாங்க. அவங்க வம்சம்தான் இந்த மலையாளிகள் என்கிறது கதை.

இதை அப்படியே வரலாறா எடுத்துக்க முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்கிற கதை மற்ற மலைகளின் மலையாளி மக்களிடமும் வேற வேற வடிவில் இருக்கு. எனக்குப் பிடிபட்டது வேற விஷயம். மூச்சு இருக்கிற மனுஷனையும் சொந்த வீடு செத்தவன்னு முடிவு பண்ணிடலாம். பண்ணிட்டா அவன் திரும்பி வர்றதுக்குக் கதவு கிடையாது. இது ஏழு பேரோடு முடிஞ்ச கதையா என்ன?

எங்க சொந்தத்திலேயே ஒருத்தர் இருக்கார். எனக்குப் பெரியப்பா முறை. இருபத்தஞ்சு வயசில் மனச்சிதைவு நோய் வந்தது. நான் பார்த்த வரைக்கும் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எதிலும் அவர் பேர் வந்ததில்லை. தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, மாமான்னு அரைப்பக்கத்துக்குப் பேர் போடுவாங்க, போன வருஷம் பிறந்த குழந்தைக்குக்கூட 'நல்வரவை நாடும்' வரிசையில் இடம் உண்டு. அவருக்கு இல்லை. யாருக்கும் அவர் மேல வெறுப்பு கிடையாது, மூணு வேளை சோறும் தவறினதில்லை. நாய் திரும்பி வந்துடுச்சு, அவ்வளவுதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

நம்ம மாநிலத்தில் மனநோய்க்கென்று தனி இடம் வந்தது 1794ல். வேலன்டைன் கானலி என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னையில் ஆரம்பித்தார். பிறகு 1871ல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய வளாகத்துக்கு மாறி, மதராஸ் பைத்தியக்கார விடுதியாச்சு. அன்றைக்கு இங்கிலாந்தில் என்ன நம்பிக்கையோ அதுதான் இங்கேயும்: பாதிக்கப்பட்டவரை வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்து மதிலுக்குள் வைக்கணும். 1912 சட்டத்தின் பெயரே 'இந்தியப் பைத்தியச் சட்டம்'. அதை மாற்றி வந்த மனநலச் சட்டத்துக்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மதிலுக்குள் வைப்பதில் கொடுமை, அழுக்கு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருத்தர் அஞ்சு வருஷம் உள்ளே இருந்தா, வெளியே அவர் இருந்த இடம் மூடிக்கும். நிலம் பாகம் பிரிச்சாச்சு, அவர் படுத்த அறையில் தம்பி குடும்பம், பிள்ளைகளுக்கு அப்பா முகம் மறந்தாச்சு. நோய் குணமானாலும் திரும்பிப் போக வீடு இருக்காது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு நாம விளையாட்டா சொல்றோமே, ஒரு ஊர்ப் பேரே வசவாகிற அளவுக்கு அந்த மதில் நம்ம மண்டைக்குள் உயரமா நிக்குது.

இந்த இடத்தில்தான் வேலூர் உள்ளே வருது. சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957ல் பாகாயத்தில் ஆரம்பமானது. ஆரம்பித்தவர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்கிற பெண் மனநல மருத்துவர். இங்கே பின்பற்றிய வழக்கம் என்னன்னா, நோயாளி தனியா சேர முடியாது, வீட்டு ஆள் ஒருத்தராவது கூடவே தங்கணும். அவங்களே சமைச்சு, கூடவே சாப்பிட்டு, கூடவே படுக்கணும். அதே காலகட்டத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், ராணுவத்திடம் கூடாரங்களை வாங்கி வளாகத்திலேயே அடிச்சு, குடும்பங்களை உள்ளே கூப்பிட்டுத் தங்க வச்சார்.

இதில் சிக்கனமும் உண்டு. நர்ஸ் பற்றாக்குறை இருந்த காலம், கூட ஒரு ஆள் இருந்தா உதவிதானே. ஆனா கிடைச்ச பலன் சிக்கனத்தை விடப் பெரிசு. 1952ல்தான் பாரிஸில் குளோர்புரோமசின் என்கிற மருந்து மனச்சிதைவின் கொந்தளிப்பை அடக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. மருந்து வந்தாச்சு, அதை வீட்டில் தினமும் கொடுக்க ஆள் வேணுமே? கூடத் தங்கின அம்மாவோ அண்ணனோ மருந்தைக் கத்துக்கிட்டாங்க. நோய் திரும்பப் போகுதுன்னா முதல்ல தூக்கம் கெடும், அப்புறம் பேச்சு மாறும் என்கிற மாதிரி அடையாளங்களைக் கத்துக்கிட்டாங்க. பேய், செய்வினைன்னு வந்தவங்க, பக்கத்து அறையிலும் அதே மாதிரி ஒரு பிள்ளையைப் பார்த்து ஆறுதல் பட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, நோயாளி வீட்டுக்குத் திரும்பும்போது அவருடைய இடம் மூடலை. நாய் தனியா போகவே இல்லை!

'இதெல்லாம் கோயிலில் காலம்காலமா நடக்குதே'ன்னு யாராவது கேட்டா அதுவும் நியாயம்தான். வேலூருக்குக் கிட்டவே சோளிங்கர், திருச்சி பக்கம் குணசீலம். நோயாளியும் கூட ஒரு ஆளும் தங்கி, காலையில் குளிச்சு, கோயில் வேலை ஏதாவது செய்து நாள் ஓட்டுறது நமக்குப் புதுசு இல்லை. 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு எழுதினாங்க. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கின 31 பேரை, வந்த அன்னிக்கும் கிளம்பும் அன்னிக்கும் மருத்துவ அளவுகோலில் அளந்து பார்த்தாங்க. சராசரியா ஆறு வாரத் தங்கல். மந்திரிப்பு, வேப்பிலை அடி எதுவும் இல்லை. நோய்க்குறிகளின் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு இல்லாத சின்ன ஆய்வு, அதனால மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு கோயிலுக்குக் கிளம்பிடாதீங்க. விரட்டாத ஒரு இடமும் கூட ஒரு ஆளும் இருந்தாலே நோயாளிக்கு ஏதோ நல்லது நடக்குது என்கிற அளவுக்கு எடுத்துக்கலாம்.

கூட ஆள் இல்லாட்டி என்ன ஆகும்? அதுக்கும் நம்ம மாநிலத்திலேயே பதில் இருக்கு. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை, ஏர்வாடி. தர்காவைக் குறை சொல்றதுக்கில்லை. அதைச் சுற்றி முளைத்த தனியார் கொட்டகைகள் கதை வேற. உறவினர்கள் பணம் கட்டி ஒப்படைச்சுட்டுப் போக, ராத்திரியில் சங்கிலி போட்டு வைக்கிற வழக்கம் அங்கே இருந்தது. கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பிடிச்சது. சங்கிலியோடு ஓட முடியாம 28 பேர் இறந்துபோனாங்க. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது, அந்தக் கொட்டகைகள் மூடப்பட்டன. சங்கிலி போட்டவன் மேல கோபப்படறது சுலபம். விட்டுட்டுப் போன வீடுகளைப் பற்றி யோசிச்சாத்தான் வயித்தைப் பிசையுது.

அதுக்காகக் 'குடும்பம்தான் மருந்து'ன்னு கொடி பிடிக்கவும் நான் வரலை. 1950களின் கடைசியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். அப்பா அம்மாவிடமோ மனைவியிடமோ போன சிலருக்கு, வெளியே வாடகை அறையில் தங்கினவர்களை விட நோய் சீக்கிரம் திரும்பியது. தொடர்ந்து ஆராய்ந்ததில் காரணம் புரிந்தது: ஓயாத குத்தல் பேச்சும், மூச்சு முட்டுற கவனிப்பும். 1980களில் சண்டிகரில் இதே மாதிரி பார்த்தப்போ, குத்திப் பேசுகிற உறவினர்களின் விகிதம் லண்டனை விடக் குறைவு. ஆனா அங்கேயும் இருந்தாங்க.

உலக சுகாதார நிறுவனம் 1960களின் கடைசியில் ஒன்பது நாடுகளில் தொடங்கின ஆய்விலும், ஆக்ரா, நைஜீரியாவின் இபாதான் மாதிரி இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் பணக்கார நாடுகளை விட நல்லா தேறினதாத் தெரிஞ்சது. நாமும் 'பாத்தியா, கூட்டுக் குடும்பம்!'னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம். சாரதா மேனன் 1984ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் தாரா, இன்னும் சிலரோடு சேர்ந்து 2008ல் அந்தக் காலரைக் கொஞ்சம் இறக்கி விட்டார். 11 நாடுகளின் 23 ஆய்வுகளைப் பார்த்தா படம் அவ்வளவு சுலபமா இல்லைன்னு எழுதினாங்க. மனச்சிதைவு வந்து கணவர் கைவிட்ட பெண்களைப் பற்றி அதே தாரா செய்த ஆய்வில், நோயை விட 'வாழாவெட்டி' என்கிற பேரே அந்தப் பெண்களையும் பெற்றவர்களையும் அதிகமா வதைக்குதுன்னு தெரியவந்தது. ஆண் நோயாளிக்கு அம்மாவோ மனைவியோ கூட இருப்பாங்க. மனைவிக்கு நோய் வந்தா? அந்தக் கணக்கை நாம இன்னும் சரியாப் போடலை.

மறுபடி மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையில் இன்றைக்கும் விளைச்சல் இல்லாத மாதங்களில் ஆண்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பறாங்க. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் இறந்தாங்களே, செம்மரம் வெட்ட வந்தவங்கன்னு சொன்னாங்களே, அதில் ஜவ்வாது மலைப் பகுதி ஆட்களும் இருந்தாங்க. கிளம்பிப் போனவர் இருக்காரா இல்லையான்னு தெரியாம இருக்கிற துக்கத்தைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் நிறைய எழுதியிருக்கார். அழுது முடிக்கவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. ஆள் காணாம போறது ஒரு வகை என்றால், ஆள் கண்ணெதிரே இருந்தும் மனசால இல்லாம போறது இன்னொரு வகை என்கிறார். மனநோய் வந்த வீடுகள் இந்த ரெண்டாவது வகை. சீக்கிரம் காரியம் பண்ணி முடிச்சுட்டா நிம்மதின்னு அந்த வீட்டுக்குத் தோணறது கெட்ட மனசால இல்லை, தாங்க முடியாததால. வைத்தியம் அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் வேணும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்தது. அதைவிட எனக்கு முக்கியமாப் பட்டது 19ஆம் பிரிவு. குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏத்துக்கலை என்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தரை மருத்துவமனையில் வச்சிருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ அவருக்கு உரிமை உண்டு என்கிறது அது. ஒரு நாடு இதைச் சட்டம் போட்டு எழுத வேண்டியிருக்குன்னா, ஆற்றைக் கடந்து உயிரோடு வந்து வாசலில் நிற்கிறவங்க எத்தனை பேர் இருக்கணும்!

உங்க வீட்டுப் பத்திரிகையிலும் விட்டுப்போன பேர் ஏதாவது இருந்தா, அடுத்த கல்யாணத்துக்கு அச்சகத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒருதடவை வரிசையைச் சரி பாருங்க. எங்க வீட்டில் தை மாசம் தங்கச்சி கல்யாணம். பட்டியல் எழுதற பொறுப்பை நான் வாங்கிட்டேன்.

டிஸ்கி: யாருக்காவது உடனே பேச ஆள் வேணும்னா 14416, டெலி மானஸ். இலவசம், தமிழிலும் பேசலாம்.