ஆழ்கடற்படுக்கை யாருடைமை? - வங்காள விரிகுடாவின் தென்பாகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் வீதியில், வாகரைக்குத் தெற்கே அமைந்தது மாங்கேணி. அதன் கரைக்கு நேரே கடலடித் தரை நெடுந்தூரம் ஆழங்குறைந்து செல்வதில்லை. இலங்கையின் கீழைக்கரையில் கண்டமேடை மிக ஒடுங்கியது. அதற்கப்பால் தரை சடுதியாகத் தாழ்ந்து 3,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தை எய்துகின்றது. அவ்வாழத்திலே, கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்திலிருந்து கொணர்ந்த அடையல்கள் பெருந்தடிப்பிற் படிந்து கிடக்கின்றன. மேடை ஒடுங்கியிருத்தல் கரைவலை இழுப்போனுக்கு நட்டமே. அரசுக்கோ அதுவே ஓர் உரிமைச் சான்றாக மாறியது. அம்மாற்றத்தின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது.

கடற்படுக்கை உடைமையாகக்கூடுமோ என்னும் வினா நமது கடலுக்குப் புதியதன்று. 1758இல் வெளிவந்த தம் நூலிலே சர்வதேசச் சட்ட அறிஞரான வற்றெல், அவ்வாறு ஆகலாம் என்பதற்கு பஹ்ரேனினதும் இலங்கையினதும் முத்துப் பார்களையே எடுத்துக்காட்டினார். மன்னார்ச் சலாபம் அன்று ஒல்லாந்தக் கம்பனியின் கையில் இருந்தது. 1811இல் பிரித்தானியர், பார்களுக்கு அண்மையில் காரணமின்றி நடமாடும் படகுகளைப் பறிமுதல் செய்யச் சட்டமியற்றினர். 1904இல் சென்னை உயர் நீதிமன்றம், இராமநாதபுரக் கரைக்கப்பாலுள்ள படுகையில் அனுமதியின்றிச் சங்கெடுப்பது திருட்டாகும் எனத் தீர்ப்பளித்தது. உலகச் சட்ட நூல்களில் இலங்கையின் கடலுக்கு இடங்கிடைத்தது. மூச்சையடக்கி மூழ்கிய குளியாட்களுக்கோ, பிரித்தானியர் ஆட்சியின் பிற்காலத்திற்கூட, தாம் எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. சுரண்டல் தரையில் நிகழ்ந்தாலென்ன, நீருக்கடியில் நிகழ்ந்தாலென்ன, பங்கீட்டின் விதி ஒன்றாகவே இருந்துள்ளது.

இவ்விதிக்கு மாறான ஒரு கருத்து 1967 நவம்பர் 1ஆந் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்டது. தேசிய எல்லைகளுக்கு அப்பாற்பட்ட கடற்படுக்கை மனுக்குலத்தின் பொதுச் சொத்தாதல் வேண்டும் என மோல்டாவின் தூதுவர் ஆர்விட் பார்டோ வாதித்தார். 1970இல் பொதுச்சபை இதனைக் கோட்பாடாகப் பிரகடனம் செய்தது. இதற்கெனத் தோன்றிய கடற்படுக்கைக் குழுவுக்கும், 1973இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கும் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. (1978இல் அவர் தம் நாட்டுத் தூதுக்குழுவில் இடம்பெறாதிருந்தும் மாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. அவர்தம் நாட்டு அரசியலைப் பற்றி இது கூறுவதும் சிறிதன்று.) 1980 டிசம்பரில் அவர் காலமானார், 1982இல் சமவாயம் நிறைவேறியது.

பொதுச் சொத்துக் கோட்பாடு வகுக்கப்பட்ட அதே மாநாட்டிலேயே இலங்கை வேறொன்றையும் சாதித்தது. சமவாயத்தின் பொது விதிப்படி கண்டவிளிம்பை அளந்தால், ஒடுங்கிய மேடையும் அதற்கப்பால் தடித்த அடையலும் கொண்ட நாட்டுக்கு நட்டம் என அது வாதித்தது. மாநாட்டின் இறுதிச் சட்டத்தோடு இரண்டாம் இணைப்பாகச் சேர்க்கப்பட்ட உடன்பாடு, வங்காள விரிகுடாவின் தென்பாகத்துக்குத் தனி முறையொன்றை வகுத்தது. 200 மீற்றர் ஆழக்கோடு கரையிலிருந்து சராசரியாக 20 கடல் மைலுக்கு மேற்படாத இடத்தில், அடையல் 1 கிலோமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள தூரம் வரை எல்லை செல்லலாம். சிறிய நாடொன்று பெற்ற இவ்வெற்றியைப் பாராட்டுதல் எளிது. ஆயினும் ஒவ்வொரு நாட்டின் மேடையும் விரியுந்தோறும் மனுக்குலத்தின் பங்கு சுருங்குகின்றது. பொதுச் சொத்தின் காவலனாகத் தலைமையிருந்த நாடே அதனை அரிந்தெடுக்கும் அளவுகோலையும் பெற்றுக்கொண்டது.

அவ்வளவுகோலைக் கொண்டு இலங்கை தன் கோரிக்கையைச் சமர்ப்பித்த நாள் 2009 மே 8. உள்நாட்டுப் போர் முடிவதற்குப் பத்து நாட்களே இருந்தன. வாகரைப் பிரதேச மக்களோ, 2006ஆம் ஆண்டின் இறுதியிற் போரினால் இடம்பெயர்ந்து மீண்டவர்கள். தம் கடலிலேயே கட்டுப்பாடுகளுக்குட்பட்டுத் தொழில் செய்து வந்த அவர்கள், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள தரையின்மீது தம் பெயரில் உரிமை கோரப்படுவதை அறிந்திருக்க நியாயமில்லை.

கோரப்பட்ட பரப்பில் அஃபனாசி நிக்கிற்றின் என்னும் கடலடி மலையும் அடங்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் தக்காணம் வந்த ருசிய வணிகனின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எழும் அம்மலையின் பாறைகளில் கோபால்ட், நிக்கல், மங்கனீசு செறிந்த மேலோடு படிந்துள்ளது. பத்து இலட்சம் ஆண்டுகளில் அது வளர்வது சில மில்லிமீற்றரே. சுரண்டியெடுத்தால் மீள வளரும் என்று பேசுவதற்கிடமில்லை. மின்கலங்களுக்கு இவ்வுலோகங்கள் வேண்டப்படுவதனால் 2024 ஜனவரியில் இந்தியா இங்கு ஆய்வு நடத்த, ஜமெய்க்காவிலுள்ள சர்வதேசக் கடற்படுக்கை அதிகாரசபையிடம் விண்ணப்பித்தது. 1987இலேயே முன்னோடி முதலீட்டாளராகப் பதிவுபெற்று, 2002இல் 75,000 சதுர கிலோமீற்றர் பரப்புக்கு ஒப்பந்தஞ் செய்துகொண்ட நாடு அது. விண்ணப்பித்த பரப்பு வேறொரு நாட்டின் மேடைக் கோரிக்கையுட் படுகின்றதென அதிகாரசபை சுட்டியபின், விண்ணப்பத்தை நிறுத்திவைக்குமாறு இந்தியா கேட்டுக்கொண்டது. இலங்கையின் கோரிக்கைமீது அப்போது தீர்வு பிறந்திருக்கவில்லை.

வல்லரசுக்கும் சிற்றரசுக்கும் இடைப்பட்ட பிணக்காக மட்டும் இதனைக் காண்போர் சமவாயத்தின் 82ஆம் உறுப்புரையைப் படித்தல் தகும். 200 கடல் மைலுக்கப்பால் தன் மேடையிற் கனிமமெடுக்கும் நாடு, ஆறாம் ஆண்டிலிருந்து உற்பத்தியின் நூற்றுக்கு 1 வீதம் எனத் தொடங்கி, பன்னிரண்டாம் ஆண்டில் 7 வீதம் என்னும் அளவுக்கு உயர்த்தி, அதிகாரசபைக்குச் செலுத்த வேண்டும். அது வளர்முக நாடுகளின், குறிப்பாக மிகப் பின்தங்கியவற்றினதும் கடலில்லாதவற்றினதும், நலன்களையும் தேவைகளையும் கருத்திற்கொண்டு பகிரப்பட வேண்டும். எஞ்சிய 93 வீதத்தில் மாங்கேணி போன்ற கரைக்கு என்ன சேரும் என்பது பற்றி அவ்வுறுப்புரையில் ஒரு சொல்லும் இல்லை.